ஆறு சனிக்கிழமை நின்ற அம்மா

சாந்தா மௌரா நகராட்சியில் ஒரு பிள்ளை எதனால் உருப்படுகிறது, எதனால் கெட்டுப்போகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மேயர் வலெந்தியோ ஒரு குழு போட்டார். குழு ஒரு வருடம் ஆராய்ந்தது. வழி தவறிய இளைஞர்கள் நாற்பது பேரையும் வழி தவறாத இளைஞர்கள் நாற்பது பேரையும் கூப்பிட்டு விசாரித்ததில், எண்பது பேருக்குமே பெற்றோர் இருந்தது தெரியவந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் காரணம் குடும்பம்தான் என்று குழு அறிக்கை கொடுத்தது.

அறிக்கை வெளியிட்ட விழாவிலேயே குடும்ப வளர்ப்பு அலுவலகமும் திறக்கப்பட்டது. ரிப்பன் மூன்று தடவை வெட்டப்பட்டது. மேயர் ஒரு தடவை வெட்டினார். துணைமேயரான அவருடைய மனைவி ஒரு தடவை. இளைஞர் மன்றத் தலைவரான அவருடைய மகன் ஒரு தடவை. மூன்று தடவையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர் அலுவலகத் தலைவி திருமதி விலாமோர்.

ஜெனலினுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவளுக்குக் கப்பல் எஞ்சின் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அப்பா பொன்சோ சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் சந்தைக்கும் படகுத்துறைக்கும் ஆள் ஏற்றுகிறவர். ஆறு வயதிலிருந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் அவள். வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த போல்ட்டு தளர்ந்திருக்கிறது என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லிவிடுவாள். மாகாணக் கப்பல் கல்லூரியின் நுழைவுத் தேர்விலும் தேறியாயிற்று. சாந்தா மௌராவுக்கென்று அந்தக் கல்லூரியில் மூன்று இடம் உண்டு. இரண்டு இடங்களுக்கு வலெந்தியோ என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு பையன்கள் ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தார்கள். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அதற்கு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் 'முழுக் குடும்பச் சான்றிதழ்' கொடுக்க வேண்டும்.

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஆறு சனிக்கிழமை வகுப்புக்கு வரணும்," என்றாள் திருமதி விலாமோர். "நல்ல வளர்ப்பு எப்படின்னு சொல்லித் தருவோம்."

"இவளுக்குப் பதினேழு வயசு ஆச்சே மேடம்," என்றார் பொன்சோ. "வளத்து முடிச்சாச்சு."

"முடிச்சதுக்குத்தான் சான்றிதழ். அம்மா எங்க?"

அம்மா ரியாத்தில். எமெலிதா பதினொரு வருடமாக அங்கே ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளையைக் கைபேசியில் வளர்த்தாள். தினமும் சாயங்காலம் அரிசி வேகிற நேரத்தில் ஜெனலின் கைபேசியைச் சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். அந்தச் சின்னத் திரையில் மகள் கழுத்துக்கு மேலேதான் தெரிவாள். அதனால் எமெலிதாவின் கண்டிப்பு முழுவதும் கழுத்துக்கு மேலேயே நடந்தது. பல் தேய்ச்சியா, தலை வாரினியா, சட்டையில மேல் பட்டனைப் போடு. என்ன பேசினாலும் கடைசியில் மேல் பட்டனில் வந்துதான் நிற்பாள். பதினொரு வருடத்தில் ஜெனலின் கழுத்துக்கு மேலே யாரும் ஒரு குறை சொல்ல முடியாத பெண்ணாக ஆகிவிட்டாள்.

"போன்ல வளக்கிறது வளர்ப்புல சேராது," என்றாள் திருமதி விலாமோர். "விதி நாலு. அம்மா நேர்ல இல்லைன்னா குடும்பம் முழுசு இல்ல."

"அவ அங்க இருக்கிறதாலதான் மேடம் நாங்க இங்க முழுசா இருக்கோம்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. அதுக்கு நாலாவது சனிக்கிழமை தனி வகுப்பு இருக்கு."

பொன்சோ அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் மேயர் பட்டார். கூடத்தின் மேடை நாற்காலிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக, ஆளுயரத்தில் மேயரின் கட்அவுட் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் ஒரு பழைய மாலை. மேயருக்கு வேலை அதிகம். எந்தக் கூட்டமானாலும் அவர் முதலில் கட்அவுட்டை அனுப்பிவிடுவார். வருகைப் பதிவேட்டில் 'மேயர்: வருகை' என்று எழுதி முத்திரை குத்துவார்கள்.

"மேடம், மேயர் இன்னைக்கு வந்திருக்காரா?"

"கண்ணு தெரியலையா? நிக்கிறாரே."

பொன்சோ தலையாட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கட்அவுட் செய்து வைத்துக்கொள்வது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளி இறுதி விழா எதுவானாலும் படம் எடுக்கும்போது பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எமெலிதாவுக்கும் ஒன்று இருந்தது. போன தடவை விமான நிலையத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் செய்தது. தோளில் பையோடு, இப்போதே கிளம்பப்போகிறவள் போல நிற்பாள். விழா இல்லாத நாட்களில் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டைக்கு எலி வராமல் மறைப்பாக இருந்தாள்.

முதல் சனிக்கிழமை பொன்சோ அவளைத் துடைத்து சைடுகாரில் ஏற்றினார். காற்றில் பறந்துவிடாமல் ஜெனலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

திருமதி விலாமோர் கட்அவுட்டைப் பார்த்தாள். பிறகு மேடையிலிருந்த மேயரைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழு அவசரமாகக் கூடி ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. கடந்த மூன்று வருடத்தில் மேயர் கட்அவுட்டாகக் கலந்துகொண்ட கூட்டங்களில் நிறைவேறிய தீர்மானங்கள் நூற்றுப் பன்னிரண்டு. கட்அவுட் வருவது வருகை ஆகாது என்று ஒரு வரி எழுதிவிட்டால், சட்டப்படி ஊருக்குச் சாக்கடையே கிடையாது. சந்தைக் கட்டடமும் கிடையாது. குழுவும் கிடையாது.

"திருமதி எமெலிதா உள்ளே வரலாம்," என்று அறிவித்தாள் திருமதி விலாமோர்.

வகுப்பு ஜெபத்தோடு தொடங்கியது. பிறகு தேசிய கீதம். பிறகு நகராட்சிக் கீதம். அதை எழுதியவர் மேயரின் சித்தப்பா. அது முடிந்ததும் எமெலிதாவின் கழுத்தில் பெயரட்டை மாட்டினார்கள். மதியம் அவளுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. சோறும் பன்றிக்கறியும். பொன்சோ இரண்டையும் சாப்பிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை 'பிள்ளை சொல்வதைக் கேட்பது எப்படி' என்று பயிற்சி. ஒவ்வொரு பிள்ளையும் பத்து நிமிடம் பேச வேண்டும், அம்மா குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். மீன் விற்கிற லோர்னா இரண்டாவது நிமிடத்திலேயே, "அந்தப் பயலோட உனக்கு என்னடி பேச்சு?" என்று கேட்டுவிட்டாள். மூன்று மதிப்பெண் போயிற்று. எமெலிதா பத்து நிமிடமும் கேட்டாள். முகம் சுளிக்கவில்லை. மகளின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. முழு மதிப்பெண்.

"அவ அட்டை மேடம்," என்றாள் லோர்னா.

"அதனால என்ன? அந்தப் பொறுமை உங்களுக்கும் வரணும்ங்கிறேன்."

"வரும் மேடம். என்னையும் அரைச்சுக் காகிதமாக்குங்க, வரும்."

இன்னும் ஒரு மதிப்பெண் போயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை லோர்னா தனக்கும் ஒரு கட்அவுட் செய்து மகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு மீன் விற்கப் போய்விட்டாள். அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்த செய்தி ஊரில் பரவியது. நாலாவது வாரம் உள்ளூரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிற அப்பாக்கள்கூட அட்டையாக வந்து சேர்ந்தார்கள். சேவல் சண்டைக் களத்தில் அன்று கூட்டம் அதிகம் என்று பேச்சு. கூடத்தில் நாற்பது பெற்றோர் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். கைபேசி மணி அடிக்கவில்லை. யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. "இப்படி ஒரு ஒழுங்கான வகுப்பை என் வாழ்நாள்ல நான் எடுத்ததில்ல," என்று திருமதி விலாமோர் கண் கலங்கினாள். ஒரு மின்விசிறியை வேகமாகப் போட்டதில் ஆறு அப்பாக்கள் குப்புற விழுந்தார்கள். மற்றபடி அசம்பாவிதம் ஒன்றுமில்லை.

அன்றைக்குத்தான் உணர்ச்சி வகுப்பு. பிள்ளைகள் எல்லாரும் தங்கள் அம்மாவை ஒரு நிமிடம் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். திருமதி விலாமோர் கடிகாரத்தைப் பார்த்து, "ம்" என்றாள். ஜெனலின் கட்டிப்பிடித்தாள். அம்மா வளையவில்லை. அரிசி மூட்டை வாசம் அடித்தது. அட்டையின் ஓரம் கன்னத்தில் அழுத்திக் கோடு விழுந்தது. ஒரு நிமிடம் என்பது அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

சாயங்காலம் சர்க்கரை ஜாடிக்கு எதிரே உட்கார்ந்தபோது எமெலிதா கேட்டாள், "இன்னைக்கு நான் என்ன பண்ணேன்?"

"நின்ன."

"நல்லா நின்னேனா?"

"நல்லா நின்னம்மா. முழு மார்க்கு."

"கன்னத்துல என்ன கோடு?"

"ஒண்ணுமில்ல."

எமெலிதா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "மேல் பட்டனைப் போடு," என்றுவிட்டுப் போனாள்.

ஆறாவது சனிக்கிழமை பரிசளிப்பு. தேர்தல் வருகிற வருடமாகையால் மேயர் நேரிலேயே வந்துவிட்டார். முன்னேற்பாடு எதுவும் செய்யாததால் மேடையில் இரண்டு மேயர்கள் ஆகிவிட்டார்கள். கட்அவுட்டை நகர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை. மேயரே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"குடும்பம்தான் மனுஷனை உருவாக்குது," என்று பேச ஆரம்பித்தார். "என்னையே எடுத்துக்குங்க. எங்க தாத்தா மேயர். எங்க அப்பா மேயர். நான் மேயர். இதுல வற்புறுத்தல்னு ஒண்ணுமே கிடையாது. சின்ன வயசுல எனக்கு சாக்ஸபோன் வாசிக்கணும்னு ஆசை. அப்பா ஒரு வார்த்தை திட்டல. வாத்தியத்தை எடுத்து அலமாரியில வச்சுப் பூட்டுனாரு, சாவியை நகராட்சி அலுவலகத்துல வச்சாரு. சாவியைத் தேடி நான் அங்க வந்தேன். வந்தவன் முப்பது வருஷமா அங்கயே இருக்கேன். அதுதான் வளர்ப்பு."

கைதட்டினார்கள். கை தட்டக்கூடியவர்கள் கூடத்தில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள்.

"எங்க வீட்டுல சாப்பாட்டு மேசையில உக்காந்தாலே மன்றக் கூட்டத்துக்கு வேண்டிய ஆள் சரியா இருக்கும். என் மனைவி துணைமேயர். பையன் இளைஞர் தலைவர். குழம்பு ஆறதுக்குள்ள ரெண்டு தீர்மானம் போட்டுருவோம். ஊருல சில பேர் கேக்கிறாங்க, ஏன் எல்லாப் பதவியும் ஒரே வீட்டுலன்னு. நான் திருப்பிக் கேக்கிறேன், குடும்பத்தைப் பிரிக்கச் சொல்றீங்களா?"

பிறகு ஆண்டின் சிறந்த தாய் விருது. எமெலிதாவுக்கு. ஆறு சனிக்கிழமையும் தவறாமல் வந்ததற்கும், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாததற்கும். மேயர் பட்டுப் பட்டையை அவள் தோளில் போட்டார். பை இடித்தது. "பையை இறக்கி வைக்கச் சொல்லுங்க," என்று திருமதி விலாமோரின் காதில் சொன்னார்.

ஜெனலின் கையில் சான்றிதழ் வந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் 'பாதைப் பரிந்துரை' என்று ஒரு கட்டம். அதற்குள் தட்டச்சு செய்திருந்தது: 'வெளிநாட்டில் வீட்டுப்பணி. பொருத்தம்: மிக உயர்வு. கப்பல் கல்லூரி: பரிந்துரை இல்லை.'

"இது என்ன மேடம்?"

திருமதி விலாமோர் சுவரில் இருந்த பெரிய அட்டவணையைக் காட்டினாள். இடப்பக்கம் அப்பாக்களின் தொழில், மேலே அம்மாக்களின் தொழில். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பிள்ளையின் எதிர்காலம். "அப்பா மோட்டார் வண்டி. அதை மட்டும் பாத்தா எஞ்சின் படிப்பு வரும். ஆனா பெத்தவங்கள்ல ஒருத்தர் விருது வாங்கிட்டா அவங்க தொழிலை மட்டும்தான் பாக்கணும். உங்க அம்மா ரொம்ப நல்ல அம்மா. அதான் உனக்கு இப்படி வந்திருக்கு. தாயைப் போல பிள்ளை."

"அவ வளத்த அந்த ரியாத் வீட்டுப் பையன் டாக்டருக்குப் படிக்கிறான் மேடம்," என்றார் பொன்சோ. "அது எந்தக் கட்டத்துல வரும்?"

"அதை அந்த ஊர் நகராட்சி பாத்துக்கும்."

அன்று சாயங்காலம் பரிந்துரையைப் படித்துக் காட்டியபோது எமெலிதா எதுவும் சொல்லவில்லை. ஜெனலின் சட்டையில் மேல் பட்டன் திறந்தே இருந்தது. அதைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஜெனலின் கைபேசியைத் தட்டிப் பார்த்தாள். உறையவில்லை. அம்மா கண் சிமிட்டினாள்.

பதினைந்து நாள் கழித்து, மே இருபத்தொன்பதாம் தேதி, எமெலிதா தோளில் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் நின்ற அட்டைக்கும் அவளுக்கும் பை ஒன்றுதான் ஒற்றுமை. தலை பாதி நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். கை இரண்டும் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன.

"ஒப்பந்தம் முடிய ஆறு மாசம் இருக்கேடி," என்றார் பொன்சோ.

"அவங்க வேற ஆளு பாத்துக்குவாங்க. அந்த ஆபீஸ் எங்க இருக்கு?"

மறுநாள் அலுவலகத்தில் திருமதி விலாமோர் கடவுச்சீட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். பதிவேட்டைத் திறந்தாள். மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தாள்.

"நீங்க எமெலிதா இல்ல."

"நான்தான் மேடம் எமெலிதா."

"இல்லையே. எமெலிதா ஆறு சனிக்கிழமையும் இங்க நின்னுருக்காங்க. மேயர் கையெழுத்துப் போட்டிருக்காரு. உங்க சீட்டுல அந்த ஆறு சனிக்கிழமையும் நீங்க ரியாத்துல இருந்ததா முத்திரை சொல்லுது. பதிவேடு பொய் சொல்லாது." சுவரோரமாக நின்ற அட்டையைக் காட்டினாள்; விருது வாங்கியதிலிருந்து நகராட்சி அதை மாதிரித் தாய் என்று அங்கேயே வைத்துக்கொண்டிருந்தது. "அவங்களைப் பாருங்க, உங்களைப் பாருங்க. முகம்கூட ஒத்துப்போகல."

"அது நாலு வருஷத்துக்கு முந்தின படம்."

"அவங்க அப்படியே இருக்காங்களே. நீங்கதான் மாறியிருக்கீங்க."

பொன்சோ வாயைத் திறந்தார். எமெலிதா அவர் கையை அழுத்தினாள். பதினொரு வருடம் பிறர் வீட்டுச் சட்டதிட்டங்களுக்குள் வாழ்ந்தவள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்தவுடன் தெரியும்.

"சரி மேடம். அந்த எமெலிதா இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லைன்னுதானே பதிவேடு சொல்லுது?"

"ஆமா."

"அப்ப அவங்களுக்கு வெளிநாட்டு வேலைன்னு எப்படி எழுதினீங்க?"

திருமதி விலாமோர் பேனாவை எடுத்தாள், வைத்தாள். மேயர் கட்அவுட்டைப் பார்த்தாள். அங்கிருந்து உதவி ஒன்றும் வரவில்லை.

"தப்புத்தான்," என்றாள் கடைசியில். "தொழில் இல்லாதவங்கன்னு திருத்தணும். தொழில் இல்லைன்னா அப்பாவோட வரிசையைத்தான் பாக்கணும். எஞ்சின் படிப்பு வரும்." திருத்தக் காகிதத்தை எடுத்துவிட்டு நிறுத்தினாள். குரல் தாழ்ந்தது. "ஆனா நீங்க எமெலிதா இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். நீங்கதான் அவங்கன்னா பதிவேடு பொய்யாயிடும், பொண்ணுக்குச் சான்றிதழே கிடையாது. பார்வையாளர் புத்தகத்துல எழுதுங்க. பேரு ஏதாவது போடுங்க. பிள்ளைக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதை மறக்காம நிரப்புங்க."

"அம்மா, வேணாம்," என்றாள் ஜெனலின்.

"நீ சும்மா இரு."

எமெலிதா புத்தகத்தை இழுத்துப் பெயர்க் கட்டத்தில் இறந்துபோன தன் அக்காவின் பெயரை எழுதினாள்.  உறவுக் கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினாள். எழுத்து நேராக, அழகாக இருந்தது. திருமதி விலாமோர் அதன்மேல் முத்திரை குத்தினாள்.

ஜூன் மாதம் கல்லூரிக்குப் போகும் மூன்று பேரையும் வழியனுப்ப நகராட்சி படகுத்துறையில் விழா எடுத்தது. மேயருக்கு வேலை. கட்அவுட் வந்திருந்தது. பக்கத்தில் விருதுப் பட்டையோடு எமெலிதாவின் கட்அவுட். காற்றுக்கு விழாமலிருக்க இரண்டின் காலடியிலும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். ஜெனலினை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். பொன்சோ மனைவியின் அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

புகைப்படக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "அக்கா, கண்ணாடி போட்ட அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. இது குடும்பப் படம்."

எமெலிதா நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஒண்ணு, ரெண்டு..."

"மேல் பட்டனைப் போடு," என்று மீன் கூடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தப் படம் இப்போது சாந்தா மௌரா குடும்ப வளர்ப்பு அலுவலகத்தின் சுவரில், அட்டவணைக்கு மேலே மாட்டியிருக்கிறது. அடியில் 'முழுக் குடும்பம்' என்று எழுதியிருக்கிறார்கள். மேயர் நேராகப் பார்க்கிறார். சிறந்த தாய் நேராகப் பார்க்கிறாள். பொன்சோகூட நேராகத்தான் பார்க்கிறார். பெண் மட்டும் படத்தைவிட்டு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். கை கழுத்துப் பட்டனில் இருக்கிறது. கவனச் சிதறல் உள்ள பிள்ளை, வளர்ப்பு போதாது என்று திருமதி விலாமோர் புதிதாக வரும் பெற்றோருக்கு அதைச் சுட்டிக்காட்டுவதுண்டு.